நான்கு பித்தளைச் சுவிட்சுகள்

விமானக் கொட்டகையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு, விமானி உட்காரும் இடத்தில் சுவிட்சும் கைப்பிடியும் பூட்டுகிற வேலையைக் கொடுத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். இந்தத் தொழிலில் அதைவிட மரியாதை இல்லாத வேலை கிடையாது. எஞ்சினைப் பிரித்தவன் கையில் எண்ணெய் வழிய நடந்து வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழிவிடுவார்கள். நீங்கள் திருப்புளியோடு பலகைக்கு அடியில் மல்லாந்து கிடந்தால், தூங்குகிறீர்கள் என்றுதான் மேலாளர் நினைப்பார். சில நாள் அது உண்மையாகவும் இருக்கும்.

எந்தக் கம்பி எங்கே போகவேண்டும், எந்தத் திருகாணிக்கு எந்த ஓட்டை என்பதெல்லாம் உங்கள் புத்தகத்தில் இருக்கிறது. படம் போட்டே இருக்கிறது. அதில் இல்லாதது நான் செய்த ஒரு தப்பு. புத்தகம் எழுதியவர் என்னைக் கேட்கவில்லை, அதனால் விட்டுப்போயிற்று. ஓய்வு பெற்றவர்களுக்குக் கேட்காமலே பேசும் உரிமை உண்டு என்பதால் சொல்கிறேன்.

போருக்கு முன்னால், முப்பதுகளின் நடுவில், சிங்கப்பூருக்கு வடக்கே சிம்பாங் ரெங்கத்துக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நான் ஸ்டோர் மெக்கானிக். ஸ்டோர் என்றால் உங்களுக்குக் கடை. எங்களுக்கு ரப்பர் ஷீட் உருட்டுகிற ஆலை. எனக்கு வயது இருபத்து நான்கு. உலகத்தில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு ஆளுக்கு ஒரு பைத்தியம். பக்கத்துத் தோட்டத்துத் துரை பட்டாம்பூச்சி பிடித்துக் குண்டூசி குத்தினார். அவருக்கு அடுத்த தோட்டத்துக்காரர் பியானோ வாசித்துத் தன் நாய்களை அழவைத்தார். எங்கள் துரை தபாலில் ஒரு வரைபடத்தை வரவழைத்து, ஸ்டோருக்குப் பின்னால் கொட்டகை போட்டு, சொந்தமாக ஒரு விமானம் கட்டினார்.

ஒரே ஒரு ஆள் உட்காரும் விமானம். மரச் சட்டம், அதன் மேல் துணி, துணியின் மேல் மூக்கைத் துளைக்கும் ஒரு பசை. சிங்கப்பூரில் ஒரு பழைய சின்ன எஞ்சின் கிடைத்தது. அது ரயிலில் குளுவாங் வந்து, அங்கிருந்து தோட்டத்து லாரியில் வந்தது. உட்காருவதற்கு பங்களா வராந்தாவிலிருந்த பிரம்பு நாற்காலியைக் கொண்டுவந்து நான்கு காலையும் அறுத்தோம். துரைசானி அந்த நாற்காலியை இரண்டு நாள் தேடிவிட்டு, சமையல்காரர்மேல் பழி போட்டார்.

துரைக்கு விமானம் ஓட்டத் தெரியும். மாதத்தில் இரண்டு ஞாயிறு சிங்கப்பூர் போய், அங்கே ஒரு பறக்கும் கிளப்பில் பழகியிருந்தார். நன்றாக ஓட்டுவார் என்று அவரே பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

எஞ்சினை லாரியில் கொண்டுவந்தவர் காதர் பாய். தொண்டிப் பக்கத்திலிருந்து வந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், தோட்டத்து லாரி டிரைவர். அந்த லாரியின் மூக்கில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் எஞ்சின் உயிர் பெறும். எத்தனையோ பேர் சுற்றிப் பார்த்துத் தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். காதர் பாய் சுற்றினால் மட்டும் அது கிளம்பும். லாரியைச் சுற்றுகிறவர் விமானத்தையும் சுற்றலாம் என்று துரை ஒரே நிமிஷத்தில் முடிவு செய்துவிட்டார். காதர் பாயை யாரும் கேட்கவில்லை.

இப்போது பொத்தானை அமுக்கினால் எஞ்சின் ஓடுகிறது, உங்களுக்கு இது விளங்காது. அன்றைக்கு ஒருவர் விமானத்துக்கு முன்னால் நின்று, அதன் மூக்கிலிருக்கும் விசிறியின் தகட்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சுற்றவேண்டும். முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு நாலைந்து சுற்று. எஞ்சின் பெட்ரோல் குடிக்க அது. பிறகு சுவிட்சைப் போட்டுவிட்டு ஒரே ஒரு வெட்டு இழுப்பு, உடனே பின்னால் தாவல். முதல் நாலைந்து சுற்றில் சுற்றுகிறவர் தகட்டின்மேல் சாய்ந்தபடிதான் நிற்பார். அந்த நேரத்தில் சுவிட்ச் அணைந்திருக்கிறதா இல்லையா என்பது அவர் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே உட்கார்ந்திருப்பவர் வாயால் சொல்வதை நம்பவேண்டும்.

என் முதல் கைங்கரியம் வேகக் கைப்பிடி. எங்கள் ஸ்டோர் எஞ்சினில் வேகம் வேண்டுமானால் கைப்பிடியை நம் பக்கம் இழுக்கவேண்டும். ஆறு வருஷம் அப்படி இழுத்தவன் நான். உலகத்து எஞ்சின் எல்லாம் எங்கள் ஸ்டோரைப் பார்த்துத்தான் செய்யப்பட்டது என்ற நினைப்பில் விமானத்துக்கும் அப்படியே பூட்டினேன். வாலைத் தூணில் கட்டிவைத்து எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்த அன்று, துரை வேகத்தைக் குறைக்க நினைத்துக் கைப்பிடியைப் பின்னால் இழுத்தார். எஞ்சின் வெறிபிடித்துக் கத்தியது. கொடியில் காய்ந்துகொண்டிருந்த ஷீட்டெல்லாம் கிளம்பி, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைமேல் போய் விழுந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து முதலில் பறந்தது ரப்பர்தான்.

துரை இறங்கி வந்தார். அவருக்குத் தமிழ் தெரியும், விடிகாலைப் பெராட்டில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுகிற அளவுக்கு.

"அந்தோணி! சிங்கப்பூர்லே முன்னாலே தள்ளினா வேகம். என் கை அங்கே படிச்ச கை. அதுக்கு நீ மறுபடி பள்ளிக்கூடம் வைக்காதே!"

அதைவிட நல்ல பாடத்தை என் வாழ்நாளில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. அவசரத்தில் கை தலையிடம் கேட்டுக்கொண்டு வேலை செய்யாது. பழகிய பக்கமே போகும். துரை சொன்னதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு கைப்பிடியை மாற்றிப் பூட்டினேன். சொன்ன துரை அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது பலகை. பங்களாவின் சாப்பாட்டு மேசையில் மிஞ்சிய தேக்கு. அதை நான்கு நாள் தேய்த்து மெருகு போட்டோம், முகம் பார்க்கலாம். அதில் நான்கு பித்தளைச் சுவிட்சுகள் வரிசையாக, ஒரே அளவு, ஒரே இடைவெளி. பங்களாவுக்கு விளக்கு போட்டபோது மிஞ்சியவை. கீழே தட்டினால் விளக்கு எரியும், மேலே தட்டினால் அணையும். முதல் சுவிட்ச் பலகையின் விளக்குக்கு. நடுவில் இரண்டும் எஞ்சினுக்கு, ஒன்று போனாலும் மற்றொன்று தீப்பொறி கொடுக்கும். நான்காவது ஹாரனுக்கு.

"ஹாரன் எதுக்கு தொரை?"

"திடல்லே மாடு மேயுது. எறங்கறப்போ அடிக்கணும்."

அந்தரத்திலிருந்து ஹாரன் அடித்தால் மாடு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று நான் கேட்கவில்லை. மாட்டைப் பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது.

ஒரு நுணுக்கம் மட்டும் சொல்லிவிடுகிறேன், கதைக்குத் தேவைப்படுகிறது. விளக்குக்குச் சுவிட்சைக் கீழே தட்டினால் மின்சாரம் ஓடி வெளிச்சம் வரும். அந்த எஞ்சினுக்கு நேர்மாறு. சுவிட்சைக் கீழே தட்டினால் மின்சாரம் வேறு வழியில் ஓடிப்போய்த் தீப்பொறி செத்துவிடும். அதனால் எல்லாம் அணைந்திருக்கும்போது விளக்கும் ஹாரனும் மேலே பார்த்துக்கொண்டிருக்கும், நடுவிலிருக்கும் எஞ்சின் சுவிட்ச் இரண்டும் கீழே பார்க்கும். சிங்கப்பூர் கிளப்பிலும் எஞ்சினுக்குக் கீழே என்றால் ஆஃப்தான். துரையின் கை படித்தது அது.

குழப்பம் வராமலிருக்க, ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பெயிண்டில் பெயர் எழுதினேன். மாதா கோயில் பலகையில் பாட்டு நம்பர் எழுதுகிறவன் நான், எழுத்து அச்சு மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் துரை சவரக் கத்தியால் ஒவ்வொரு எழுத்தாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"இது ஏரோப்ளேன். மளிகைக் கடை இல்லே," என்றார்.

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. சிரிக்காதீர்கள். இருபத்து நான்கு வயதில் ஒருவன் எழுத்தைச் சுரண்டுவது அவன் முகத்தைச் சுரண்டுவதுதான். அன்றிலிருந்து நான் துரையிடம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் உத்தம ஊழியன் ஆகிவிட்டேன்.

திடலில் விமானம் முதலில் கிளம்ப நாள் குறித்தாயிற்று. ஞாயிறு காலை. சுற்றுவட்டாரத் துரைமார்களுக்கு அழைப்பு போனது. சனிக்கிழமை மதியம் துரை பலகையைக் கடைசியாகப் பார்வையிட வந்தார். இரண்டு கை தூரம் பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகம் சுளித்தார்.

"ரெண்டு மேலே, ரெண்டு கீழே. பல்லு போன வாய் மாதிரி இருக்கு. நடுவிலே ரெண்டையும் திருப்பிப் போடு. எல்லாம் மேலேன்னா எல்லாம் ஆஃப். கொழந்தைக்கும் புரியும்."

தர்க்கம் என்று பார்த்தால் அவர் சொன்னதில் ஒரு குறையும் இல்லை. பங்களாவிலும் மேலே என்றால் ஆஃப், இங்கேயும் மேலே என்றால் ஆஃப். ஆனால் அந்த விமானத்தை ஓட்டப்போவது குழந்தை இல்லை, அவர் கை.

"தொரை, சிங்கப்பூர் கிளப்புல…" என்று ஆரம்பித்தேன்.

அவர் உள்ளங்கையைக் காட்டினார். "நீ மெக்கானிக். நான் பைலட்."

கால் மணி நேர வேலை. இரண்டு சுவிட்சையும் கழற்றித் தலைகீழாகத் திருப்பிப் பூட்டினேன். நான்கும் அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள்போல மேலே பார்த்து நின்றன. நான் துடைத்துக்கொண்டிருந்தபோது காதர் பாய் காப்பிக் கோப்பையோடு கொட்டகைக்கு வந்தார். விமானத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். விசிறியின் தகட்டை விரலால் தட்டிப் பார்த்தார்.

"எல்லாம் சரியா அந்தோணி? நாளைக்கு நாந்தான் முன்னாடி நிக்கணும்."

"சரி பாய்," என்றேன்.

பொய் இல்லை. திருகாணி சரி, கம்பி சரி, பித்தளையின் பளபளப்பு ரொம்பச் சரி. ஆனால் நான் மனதில் வேறு ஒன்று வைத்திருந்தேன். நாளைக்கு விருந்தாளிகள் முன்னால் துரை பழக்கத்தில் சுவிட்சை மேலே தட்டி 'ஆன்' என்பார், அது உண்மையில் ஆஃபாக இருக்கும், எஞ்சின் கிளம்பாது. காதர் பாய் சுற்றிச் சுற்றிக் களைப்பார், துரை முழிப்பார், பட்டாம்பூச்சித் துரை சிரிப்பார். அப்புறம் துரை என்னிடம் வந்து, அந்த வெள்ளைப் பெயிண்ட் எங்கே என்று கேட்பார். இதைக் கற்பனை செய்து ரசித்துக்கொண்டே பித்தளையைத் துடைத்தேன். மேலே தட்டினால் என்ன ஆகும் என்று யோசித்த மேதாவி, கீழே தட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

ஞாயிறு காலை திடலில் கூடாரம் போட்டு மேசை விரித்து, கேக்கும் தேநீரும் வைத்திருந்தார்கள். தோட்டத்து ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி கோட்டு போட்டு வியர்த்துக்கொண்டிருந்தார். லயத்து ஜனம் முழுக்க வேலியோரம். காதர் பாய் சலவைச் சட்டையும் புதுத் தொப்பியுமாக விசிறிக்கு முன்னால் நின்றார். சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு ரப்பர் மரக் கட்டைகள் முட்டுக்கொடுத்திருந்தோம். நான் இடது இறக்கை ஓரத்தில் நின்றேன். துரை பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, வாரைக் கட்டிக்கொண்டு, கூடாரத்துப் பக்கம் திரும்பிக் கையசைத்தார்.

காதர் பாய் தகட்டைப் பிடித்தார். கிளப்பில் கேட்கிற மாதிரியே உரக்கக் கேட்டார், துரை சொல்லிக்கொடுத்திருந்தார்.

"சுவிட்ச் ஆஃப்?"

"ஆஃப்!" என்றார் துரை.

சுவிட்ச் உண்மையிலேயே ஆஃபாகத்தான் இருந்தது. நான்கும் மேலே. அவர் ஒன்றையும் தொடாமல் இருந்திருந்தால் இன்று உங்களுக்குச் சொல்ல எனக்குக் கதை இருந்திருக்காது. ஆனால் கிளப்பில் ஒரு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆஃப் என்று வாயால் சொன்னால் போதாது, கையால் தட்டி உறுதி செய்துகொள்ளவேண்டும். துரை ஒழுங்கானவர். முகம் துரைசானியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, கை தானாகப் பலகைக்குப் போய், நடுவிலிருந்த இரண்டையும் உறுதி செய்தது. அவருடைய தோள் கீழே இறங்கியதை நான் பார்த்தேன்.

அந்த வினாடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: நான் திருப்பிப் பூட்டிய பிறகு கீழே என்றால் ஆன். காதர் பாய் முழு உடம்பையும் தகட்டின்மேல் சாய்த்துவிட்டார். இப்போது நீங்கள் சொல்லுங்கள், என்ன கத்துவீர்கள்? 'காதர் பாய்' என்று கூப்பிட்டால், தகட்டை விடாமலே என் பக்கம் திரும்புவார். 'ஆன், ஆன்' என்று கத்தினால், எனக்கு ஏதோ அவசரம் என்று நினைத்து இன்னும் வேகமாக இழுப்பார். 'நில்லுங்க' என்றால் ஏன் என்று கேட்பார். எதற்கும் ஏன் என்று கேட்கிற மனிதர் அவர், தோட்டத்தில் அவருக்கு அது ஒரு கெட்ட பெயர். ஏன் என்று கேட்காமல் எந்த மனிதனும் பின்னால் குதிக்கிற சொல் ரப்பர் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான்.

"பாம்பு! பாய், கால்ல பாம்பு!"

காதர் பாய் குதித்தார். ஆனால் கை அதற்குள் இழுத்துவிட்டிருந்தது. தகடு கால் சுற்று நகர்ந்ததும் எஞ்சின் பட்டென்று பிடித்துக்கொண்டது. தலை இருந்த இடத்தைத் தகடு வெட்டிக்கொண்டு போனது. தலை அங்கே இல்லை. வலது கையின் கடைசி இரண்டு விரல் மட்டும் இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

அதோடு முடியவில்லை. விமானம் கட்டைகளைத் தாண்டிக் குதித்து, காதர் பாய் விழுந்த இடத்தை விட்டு ஒரு பக்கமாகத் திரும்பி, கூடாரத்தைப் பார்த்து உருள ஆரம்பித்தது. வேகக் கைப்பிடி இருப்பதையே மறந்த துரை எஞ்சினை அணைக்கப் பலகையில் அடித்தார். கீழே அடித்தார், மறுபடி கீழே அடித்தார். கீழே என்றால் ஆஃப் என்று அவர் கை சத்தியம் செய்தது. அடித்த அடியில் ஹாரனும் சேர்ந்து விழுந்தது. எஞ்சின் உறும, ஹாரன் அலற, விமானம் கேக்கை நோக்கிப் போனது. துரைமார்கள் இதுவரை யாரும் பார்க்காத வேகத்தில் எழுந்து ஓடினார்கள்.

நான் ஓடிப்போய் விமானத்தின் பக்கவாட்டு விளிம்பைப் பிடித்துத் தொங்கி, உள்ளே கை விட்டேன். சுவிட்சை மேலே தள்ளினேன். துரையின் கை அதைக் கீழே தள்ளியது.

"டவுன்! டவுன், முட்டாள்!"

"மேல தொரை! மேல!"

அவர் பைலட், நான் மெக்கானிக். அந்தக் காலத்தில் ஒரு துரைமேல் கூலிக்காரன் கை பட்டால் அன்று சாயங்காலமே பெட்டி கட்டவேண்டும். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கி அவர் மடிமேல் வைத்து அமுக்கிக்கொண்டு, மறு கையால் இரண்டு சுவிட்சையும் மேலே தள்ளினேன். எஞ்சின் நின்றது. விமானம் தேநீர் மேசையின் விரிப்பை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது. ஹாரன் மட்டும் விடாமல் அலறிக்கொண்டிருந்தது. திடலோரம் மேய்ந்த மாடுகளில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் காதர் பாயிடம் ஓடினேன். புல்லில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டையின் முனையில் கையைச் சுருட்டிப் பிடித்திருந்தார், சட்டை வெள்ளையாக இல்லை. முகம் வெளுத்துப்போயிருந்தது. ஆனால் கண் காலைச் சுற்றிப் புல்லில் தேடிக்கொண்டிருந்தது.

"அலாமாக்… எங்கடா பாம்பு?" என்றார்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸர் அவருக்குத் தையல் போட்டுக் கட்டுக் கட்டினார். மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் இல்லை. சாயங்காலம் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை.

"பாய், பாம்பு இல்ல."

"தெரியும். அப்புறம் பாத்தேன். பின்ன ஏன் கத்துன?"

"சுவிட்சத் தலகீழாத் திருப்பி வச்சிருந்தேன். தொரை சொன்னாரு. நேத்து மத்தியானம்."

அவர் கட்டுப் போட்ட கையை நெஞ்சின்மேல் எடுத்து வைத்துக்கொண்டார்.

"நேத்து மத்தியானம் நான் கொட்டாய்க்கு வந்தேன்ல?"

"வந்தீங்க பாய்."

"எல்லாம் சரியான்னு கேட்டேன்ல?"

"கேட்டீங்க."

"நீ என்ன சொன்ன?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். துரைமேல் எனக்கிருந்த கோபத்தை நான் காதர் பாயின் கையில் இறக்கியிருந்தேன். அந்தக் கணக்கில் துரைக்கு மணிக்கட்டில் ஒரு சுளுக்கு மட்டும்தான் விழுந்தது.

துரை விருந்தாளிகளிடம், மெக்கானிக் கம்பியை மாற்றிப் பூட்டிவிட்டான் என்று சொன்னார். அது அன்றைக்கு எல்லோருக்கும் வசதியான உண்மை. திங்கள்கிழமை என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன்.

"நீ என் கையைப் பிடிச்சே," என்றார்.

"ஆமா தொரை."

"சனிக்கெழமை நீ என்னமோ சொல்ல வந்தே. என்னது?"

"கிளப்புல கீழேன்னா ஆஃப். ஒங்க கை அப்படித்தான் போகும்னு சொல்ல வந்தேன்."

"ஏன் மறுபடி சொல்லலே?"

ஒருமுறை வாயை அடைத்தார்கள் என்று காலத்துக்கும் வாயை மூடிக்கொள்வது பணிவு இல்லை தம்பிகளே, பழிவாங்கல். அதை நான் அன்று தெரிந்துகொண்டேன். துரை என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. பெருந்தன்மை என்று நினைக்காதீர்கள். என்னை அனுப்பியிருந்தால் பங்களா விளக்கைப் பார்க்க ஆள் இல்லை.

ஒரு மாதம் விமானம் கொட்டகையில் தூசி பிடித்தது. விசிறியைச் சுற்றத் தோட்டத்தில் ஒருவனும் முன்வரவில்லை. கங்காணி மிரட்டிப் பார்த்தார், கிராணி கெஞ்சிப் பார்த்தார். அந்தப் பக்கம் தேசாந்திரம் போகிறவன்கூடக் கொட்டகையைச் சுற்றி வளைந்துதான் போனான். கடைசியில் துரையே காதர் பாயைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அதற்குள் கட்டுப் பிரித்து, மூன்று விரலோடு லாரி ஓட்டப் பழகிவிட்டிருந்தார். என்னோடு மட்டும் பேசுவதில்லை. நான் எதிரில் வந்தால் வானத்தைப் பார்ப்பார்.

கொட்டகைக்கு வந்தார். என்னைப் பார்க்காமல் துரையிடம் பேசினார்.

"சுத்தறேன் தொரை. ஆனா எஞ்சின் சுவிட்சு ரெண்டும் உள்ள இருக்கக் கூடாது. வெளிய, பக்கத்துல வைங்க. நான் நிக்கற எடத்துலேருந்து என் கண்ணுக்குத் தெரியணும்."

துரை பதறிவிட்டார். "வெளியேயா? துணியைக் கிழிச்சு ஓட்டை போட்டா அழகு போயிடும்!"

காதர் பாய் வலது கையை விரித்து அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

"இதுவும் அழகாத்தான் இருந்துச்சு தொரை."

துரை கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். மெருகு போட்ட பக்கத் துணியை நானே கத்தியால் கிழித்துச் சட்டத்தில் பலகை அடித்து, சுவிட்ச் இரண்டையும் வெளியே பூட்டினேன். கிளப்பில் இருப்பதுபோலக் கீழே என்றால் ஆஃப், மேலே என்றால் ஆன். கை நீட்டினால் துரைக்கும் எட்டும், சுற்றுகிறவரின் கண்ணுக்கும் தெரியும். வெள்ளைப் பெயிண்டை எடுத்து இங்கிலீஷில் எழுதப் போனேன். பின்னாலிருந்து காதர் பாயின் குரல் வந்தது, என்னிடம் சொன்னதாக இல்லாமல், பொதுவாகக் கொட்டகையிடம் சொன்னதுபோல.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. மேல் பாதிக்குச் செவப்பு அடிக்கச் சொல்லுங்க."

சிவப்பு அடித்தேன். துரை சவரக் கத்தியைக் கொண்டுவரவில்லை.

அந்த விமானம் பிறகு பறந்தது. ஒருமுறை ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே லாபிஸ் வரை போய்ப் பத்திரமாகத் திரும்பியும் வந்தது. போருக்குப் பிறகு நான் சிங்கப்பூருக்குப் போய் முப்பது வருஷம் பெரிய பெரிய விமானங்களில் சுவிட்ச் பூட்டினேன். சுவிட்சை வெளியே வைப்பது பெரிய பெரிய நாடுகளில் எல்லாம் முன்பே இருந்த வழக்கம் என்று அங்கே போனபிறகு தெரிந்தது. காதர் பாய் அதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. இரண்டு விரல் கொடுத்துப் படித்தார், அதில் பாதிப் படிப்பு எனக்கு வந்தது.

நான் சொல்லவந்தது அதுகூட இல்லை. சுவிட்சை வெளியே பூட்டி முடித்த அன்று நடந்தது.

காலை எட்டு மணி இருக்கும். விருந்தாளி இல்லை, கேக் இல்லை. துரை உள்ளே உட்கார்ந்துவிட்டார். நான் வழக்கம்போல இறக்கை ஓரத்துக்குப் போனேன். காதர் பாய் விசிறிக்குப் போகவில்லை. நேராக நடந்து, விமானத்தின் பக்கத்தில் சுவிட்சுக்கு அருகில் போய் நின்றுகொண்டார்.

"மொத தடவ அந்தோணி சுத்தட்டும்," என்றார் துரையிடம். "பூட்டுனவன் அவன்தானே. நான் சுவிட்சுகிட்ட நிக்கறேன்."

துரை என்னைப் பார்த்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு எந்த முகமும் இல்லை. போய் முன்னால் நின்றேன். அந்தத் தகடு பக்கத்திலிருந்து பார்க்கும்போது இருந்ததைவிட முன்னால் நின்று பார்க்கும்போது மிகப் பெரிதாக இருந்தது. இரண்டு கையையும் தூக்கி வைத்தேன். நானே பூட்டிய சுவிட்ச், நானே இழுத்த கம்பி, நானே அடித்த சிவப்பு. மூன்று தரம் சோதித்துப் பார்த்திருந்தேன். ஆனாலும் தகட்டின்மேல் சாய்ந்தபோது, சோதித்தேனா, சோதித்ததாக நினைத்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"சுவிட்ச் ஆஃப்?" என்றேன்.

"ஆஃப்!" என்றார் துரை உள்ளேயிருந்து.

நான் துரையைப் பார்க்கவில்லை. காதர் பாயைப் பார்த்தேன். அவருடைய மூன்று விரல் கை சுவிட்சுகளின்மேல் இருந்தது. சுவிட்சை நிதானமாகக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் முறையாக என் முகத்துக்கு நேரே பேசினார்.

"கால்ல பாம்பு கீம்பு இருக்கா, நல்லாப் பாத்துக்க."

நான் குனிந்து பார்த்தேன். உண்மையாகவே பார்த்தேன்.

"இல்ல பாய்."

"சரி," என்றார். "அப்ப சுத்து."